சிங்கமும் நான்கு கைத் தெய்வமும்

பெரிய வெள்ளிக்கிழமை என்றால் தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்துத் தமிழர் வீடுகள் பலவற்றில் முதலில் பேச்சுக்கு வருவது மாரியம்மன்தான். இசிப்பிங்கோ மாரியம்மன் கோவிலில் அன்று கூட்டம் அலைமோதும். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் தீமிதி நடக்கும். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்து இறங்கியவர்களும் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் கரும்புத் தோட்டங்களில் உழைத்த காலத்தில், முதலாளிகள் விட்ட சொற்ப விடுமுறைகளில் ஈஸ்டரும் ஒன்றாக இருந்ததால், அம்மனுக்குச் செய்ய வேண்டியதை அந்த நாட்களில் செய்துகொண்டார்கள் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். அடுத்தவர் திருநாளுக்குள் தன் தெய்வத்தைக் குடியேற்றிய சமூகம் இது. ஆகவே, பேசும் மிருகங்களும் குள்ளர்களும் நிறைந்த ஒரு கதைக்குள் ஓர் எழுத்தாளர் தம் ஆண்டவரைக் கொண்டுவந்து வைத்தார் என்று கேட்டு நாங்கள் பதறுவதற்கு நியாயமில்லை. ஆனாலும் எங்கள் குடும்பத்திலேயே சிலர் பதறினார்கள். யார் எதற்குப் பதறினார்கள் என்பது நான் நினைத்திருந்ததற்கு நேர்மாறாக இருந்தது.

சி. எஸ். லூயிஸ் எழுதிய நார்னியா வரிசையின் முதல் நூல் 1950-இல் வெளிவந்தது. ஏழாவதும் கடைசியுமான நூல் 1956-இல். உடுப்பு அலமாரியின் வழியாக வேறோர் உலகத்துக்குள் நுழையும் நான்கு பிள்ளைகளில் ஒருவன் சூனியக்காரியிடம் இனிப்புக்கு மயங்கித் தன் உடன்பிறந்தவர்களைக் காட்டிக்கொடுக்கிறான். காட்டிக்கொடுத்தவனின் உயிர் அவளுக்குச் சொந்தம் என்பது அந்த உலகத்தின் சட்டம். அவனுக்குப் பதிலாக அஸ்லான் என்னும் சிங்கம் தன்னை ஒப்படைத்து, கல்மேசையின் மீது கொல்லப்பட்டு, விடியும்போது உயிரோடு எழுந்து நிற்கிறது. இதில் ஒளிந்திருப்பது என்ன என்று கிறிஸ்தவ வீட்டில் வளர்ந்த எவரிடமும் கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள். டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் பள்ளி நூலகத்திலிருந்து எடுத்துவந்து பத்து வயதில் அதைப் படித்த எனக்கு அப்படி எதுவும் தோன்றவில்லை. எனக்குப் புரியாமல் போனது வேறோர் இடம். கொல்வதற்கு முன் சிங்கத்தின் பிடரி மயிரை மழித்து, அதை அவமானத்தின் உச்சமாக அந்தக் கும்பல் கேலி செய்யும். எங்கள் வீட்டில் மொட்டை என்பது நேர்த்திக்கடன். அம்மை நோயிலிருந்து பிழைத்தவர்களும் பிறந்து ஓராண்டு ஆன பிள்ளைகளும் அம்மனுக்கு முடி இறக்குவார்கள். ஆகவே அந்தச் சிங்கம் ஏதோ வேண்டுதலைத் தீர்க்கப் போகிறது என்றே நான் எண்ணிக்கொண்டு படித்தேன். இப்போது யோசித்தால், அந்த வாசிப்பு முழுத் தவறும் அன்று. ஒருவருக்காக இன்னொருவர் கடன் தீர்ப்பதுதானே அந்தக் காட்சியின் உயிர்.

லூயிஸ் இதைப் பற்றி 1956-இல் எழுதிய ஒரு கட்டுரையில், சிறுவயதில் தமக்குச் சமயத்தின் மீது உணர்ச்சி பிறக்காமல் போனதற்குக் காரணம், உணர்ச்சி பிறந்தே ஆக வேண்டும் என்று கட்டளையிட்டதுதான் என்கிறார். ஞாயிறு பள்ளியின் வாசனையும் வண்ணக் கண்ணாடி ஜன்னலும் சூழ நின்றால் மனம் உறைந்துபோகும். அதே செய்தியைக் கற்பனை உலகமொன்றில் வைத்துவிட்டால், வாசலில் டிராகன்களைப் போலக் காவல் நிற்கும் அந்தக் கட்டாயங்களின் கண்ணில் படாமல் உள்ளே போய்விடலாம் என்பது அவர் கணக்கு. இந்தக் கணக்கை மதப் பிரசாரத்துக்கான தந்திரம் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோவில் மணியும் தேவாரமுமாக வளர்ந்த பிள்ளைக்கு அந்த வாசலில் டிராகனே இல்லை. ஏசுவைப் பற்றி எங்களுக்குக் கட்டாயமும் இல்லை, சலிப்பும் இல்லை. கிறிஸ்தவப் பிள்ளைகளுக்காக அவர் கட்டிய கள்ளப் பாதை எங்களுக்குத் தேவைப்படவே இல்லை. சிங்கம் முன்வாசல் வழியாகவே வந்து, கதை முடிந்ததும் முன்வாசல் வழியாகவே போய்விட்டது. பல ஆண்டுகள் கழித்து உண்மை தெரியவந்தபோது யாரோ ஏமாற்றிவிட்டதாக நான் நினைக்கவில்லை. தெரிந்த ஆளின் சொந்த ஊர் எது என்று தெரிந்துகொண்ட நிறைவுதான் இருந்தது.

என் பெரியம்மாவின் கதை வேறு. அவர் சிறுமியாக இருந்தபோது கோவிலை ஒட்டிய பள்ளியில் தமிழ் கற்றவர். தமிழ் ஐஸ்டெட்ஃபட் என்று நாங்கள் சொல்லும் கலைப் போட்டியில் தேவாரம் பாடிப் பரிசு வாங்கியவர். குடும்பத்தில் அடுத்தடுத்து இழப்புகள் வந்த காலத்தில் பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்தார். இங்கே தமிழர்களிடையே இது அரிதான செய்தி இல்லை. ஒரே வீட்டில் ஒருவர் காவடி எடுப்பதும் இன்னொருவர் ஞாயிறு ஆராதனைக்குப் போவதும் எங்களுக்குப் பழகிப்போனதுதான். அவர் வீட்டுக்கு நான் அந்தப் புத்தகத்தைக் கொண்டுபோனபோது அட்டையில் இருந்த சூனியக்காரி என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, “இந்த மாதிரிச் சாத்தான் புத்தகத்தை இந்த வீட்டுக்குள்ளே கொண்டுவராதே, கண்ணு” என்று திருப்பி அனுப்பிவிட்டார். ஃபேன்டசி நூல்களிலேயே மிகக் கிறிஸ்தவமான நூல் ஒரு கிறிஸ்தவ வீட்டின் வாசற்படியைத் தாண்டவில்லை. பிறகு 2005-இல் திரைப்படம் வந்தது. அவர்கள் சபையே பேருந்து ஏற்பாடு செய்து எல்லாரையும் அழைத்துப்போனது. பெரியம்மா அழுதுகொண்டே வந்தார். “அது யார் என்று உனக்குப் புரிந்ததா?” என்று என்னைக் கேட்டார். “எனக்கு முன்பே தெரியும், பெரியம்மா” என்றேன். அவர் முகத்தில் தெரிந்தது மகிழ்ச்சி அன்று. தெரிந்தும் ஒருத்தி அப்படியே இருக்கிறாளே என்ற ஏமாற்றம்.

தாம் எழுதியது உருவகக் கதையே இல்லை என்று லூயிஸ் வாதிட்டதையும் இங்கே சொல்ல வேண்டும். 1958-இல் ஒரு வாசகருக்கு எழுதிய கடிதத்தில் அவர் காட்டும் அளவுகோல் ஜான் பனியன் என்ற ஆங்கில எழுத்தாளரின் மோட்சப் பயணம். அதில் விரக்தி என்னும் அரக்கன் விரக்தியைக் குறிப்பது போல அஸ்லான் கடவுளைக் குறித்தால்தான் அது உருவகம். தாம் செய்ததோ, நார்னியா போன்ற ஓர் உலகம் உண்மையிலேயே இருந்து, அங்கும் கிறிஸ்து பிறந்து இறந்து எழ முடிவு செய்தால் எப்படியிருக்கும் என்று ஊகித்துப் பார்த்தது மட்டுமே என்கிறார். வாசகர்களுக்கு இந்தக் கோடு நுட்பமானதாகப் படலாம். எழுதுகிறவனுக்கு அது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. கையில் குடையும் பொட்டலங்களுமாகப் பனிக்காட்டில் நடந்துபோகும் ஆட்டுக்கால் மனிதனின் சித்திரம் தமக்குப் பதினாறு வயதிலிருந்தே மனத்தில் இருந்தது, சிங்கம் வெகுகாலம் கழித்தே உள்ளே பாய்ந்துவந்தது என்று அவரே பதிவு செய்திருக்கிறார். கொள்கை முதலில், கதை பிறகு என்று தொடங்கியவர் அல்லர் அவர்.

அந்தப் பனியனின் 1678-ஆம் ஆண்டு நூல் உலகமெங்கும் போயிற்று. இந்த நாட்டில் தியோ சோகா 1860-களில் அதைக் கோசா மொழிக்குக் கொண்டுவந்தார். தமிழுக்கு அது காவியமாகவே வந்தது: வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858-இல் ஞானஸ்நானம் பெற்ற எச். ஏ. கிருஷ்ணப் பிள்ளை, கம்பனின் விருத்தங்களில் ஊறிய கையோடு 1894-இல் இரட்சணிய யாத்திரிகத்தை வெளியிட்டார். அதில் எனக்குப் பிடித்தது செய்யுளின் ஓட்டம்தான். பாத்திரங்களின் பெயரே அவர்களுடைய குணமாக இருக்கும்போது, அவர்கள் அடுத்து என்ன செய்வார்கள் என்று காத்திருக்க ஒன்றுமில்லை. பெயரைக் கேட்டவுடன் தீர்ப்பு வந்துவிடுகிறது. சமயம் மாறியதாலோ கொள்கை பிடிக்காததாலோ இந்தச் சலிப்பு வருவதில்லை. வடமொழிப் பிரபோத சந்திரோதயத்தில் விவேகமும் மோகமும் அரசர்களாகப் படை திரட்டிப் போரிடும்போதும் எனக்கு அதே கொட்டாவிதான் வருகிறது.

கதைக்குள் தத்துவம் பார்ப்பது நமக்குப் புதிதன்று. திருமூலர் இதில் கறாரானவர்: சிவன் முப்புரத்தை எரித்தான் என்று சொல்கிறவர்கள் மூடர்கள், முப்புரம் என்பது மும்மலத்தின் காரியம் என்று ஒரே பாட்டில் வாசகர்களை இரண்டாகப் பிரித்துவிடுகிறார். கந்தபுராணத்துக்கும் சைவப் பெரியவர்கள் இதே திறவுகோலைத்தான் கொடுத்தார்கள். சூரபத்மன் ஆணவம், சிங்கமுகன் கன்மம், தாரகன் மாயை. எங்கள் கோவில் வகுப்பில் இதைச் சொல்லித்தந்த ஆசிரியர், மூன்று பெயரையும் மூன்று மலத்தையும் பலகையில் எதிரெதிராக எழுதிக் கோடு போட்டு இணைப்பார். நான் அதை மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் வாங்கினேன். ஆனால் கிளேர்வுட் கோவிலில் தைப்பூசத்தன்று, அலகு குத்தி, தேர் இழுத்துவரும் ஒருவரின் முதுகில் கொக்கிகள் இழுபடுவதை அருகில் நின்று பார்க்கும்போது அந்தப் பலகை நினைவுக்கு வருவதில்லை. இடும்பன் இரண்டு மலைகளைத் தோளில் சுமந்த கதைதான் வருகிறது. திருமூலர் மன்னிக்க வேண்டும். இந்த விஷயத்தில் நான் பெரும்பாலும் மூடர்கள் பக்கம்.

டோல்கீன் என் பக்கம் வந்திருப்பார் என்று நினைக்கிறேன். அவர் எங்கள் நாட்டில் பிறந்தவர்: 1892 ஜனவரி 3, புளூம்ஃபொன்டெயின். மூன்று வயதில் தாயோடு இங்கிலாந்துக்குப் போனவர் திரும்பவில்லை. ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ என்னும் தம் மோதிரக் கதையின் இரண்டாம் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில், உருவகக் கதை எந்த வடிவில் வந்தாலும் தமக்குப் பிடிக்காது என்றும், உருவகத்தில் ஆசிரியர் வாசகரை ஆள்கிறார், தாம் விரும்பும் கதையிலோ பொருத்திப் பார்க்கும் உரிமை வாசகரிடம் இருக்கிறது என்றும் சொன்னார். ஆனால் 1953-இல் இயேசு சபைத் துறவியான தம் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், அந்தக் கதை அடிப்படையில் சமயம் சார்ந்தது, கத்தோலிக்கமானது என்று ஒப்புக்கொண்டவரும் அவரே. மோதிரத்தைச் சுமப்பவன் ரிவெண்டெலை விட்டுப் புறப்படுவது டிசம்பர் 25. மோதிரம் அழிவது மார்ச் 25, மரியாளுக்குத் தேவதூதன் சேதி சொன்ன திருநாள். கத்தோலிக்கர் புன்னகைத்துக்கொள்வார், தெரியாதவர் எதையும் இழப்பதில்லை. தெற்கிலிருந்து வந்த எதிரி வீரன் ஒருவன் செத்து விழுந்து கிடப்பதைப் பார்க்கும் சாம் (மோதிரம் சுமப்பவனின் தோழன்), இவன் பெயர் என்ன, எங்கிருந்து வந்தான், உண்மையிலேயே கெட்டவன்தானா, எந்தப் பொய்யோ மிரட்டலோ இவனை இவ்வளவு தூரம் இழுத்துவந்தது என்று யோசிக்கும் ஒரு சிறு பத்தி அந்தக் கதையில் உண்டு. தெற்கத்தி வாசகியாகிய எனக்கு அந்தப் பத்திதான் முழு நூலுக்கும் ஈடு.

நார்னியாவில் அப்படிப்பட்ட பத்திக்காகக் கடைசி நூல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு முன் அடி விழுந்தது. தெற்கே பாலைவனத்துக்கு அப்பால் காலோர்மென் என்று ஒரு பேரரசு. கறுத்த முகம், தலைப்பாகை, வளைந்த வாள், அடிமைச் சந்தை. அவர்கள் கும்பிடும் தெய்வம் தாஷ். கடைசி நூலில் அது நேரில் வருகிறது: பறவைத் தலை, கொடிய அலகு, தலைக்கு மேல் தூக்கிய நான்கு கைகள், இருபது விரலும் நகமாக வளைந்து, பிண நாற்றத்தோடு, நடக்கும் இடமெல்லாம் புல் வாட. நான் அந்தப் பக்கத்தைப் படித்தது எங்கள் வீட்டுச் சாமி விளக்கின் பக்கத்தில் உட்கார்ந்து. சுவரில் மாரியம்மனுக்கு நான்கு கை. உடுக்கையும் சூலமும் பாசமும் கபாலமும். பக்கத்தில் ஆறுமுகனுக்குப் பன்னிரண்டு. லூயிஸ் எங்களை நினைத்து எழுதவில்லை என்பது எனக்குத் தெரியும். காலோர்மென் ஆயிரத்தொரு இரவுக் கதைகளின் சாயலில் கட்டியது, மாரியம்மன் அவர் காதில் விழுந்திருக்கவும் வாய்ப்பில்லை. ஆனால் கை நான்கு என்று எண்ணியவுடன் கதை என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டது. சிங்கம் கிறிஸ்து என்று தெரிந்தபோது வராத வலி அப்போதுதான் வந்தது.

வாசகர் எதிர்வினை பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இடத்தைப் பெரும்பாலும் கடந்துபோய்விடுகிறார்கள். உதட்டுச்சாயத்திலும் அழைப்பிதழ்களிலும் நாட்டம் கொண்டதற்காக மூத்த பெண் சூசன் நார்னியாவின் நண்பர்களில் ஒருத்தியாக இல்லாமல் போனது பற்றி எவ்வளவோ எழுதியாகிவிட்டது. ஆங்கில எழுத்தாளர் பிலிப் புல்மேன் 1998-இல் கடுமையாகச் சாடினார், அவரே சபை அதிகாரத்துக்கு எதிரான தம் மூன்று நூல்களையும் எழுதினார். அந்தச் சண்டை பெரும்பாலும் கிறிஸ்தவப் பண்பாட்டுக்குள் நடப்பது. அண்ணன் தம்பி பாகப்பிரிவினை. நான்கு கை தெய்வத்தை வணங்குகிறவருக்கு அந்தக் கதை எந்த நாற்காலியைப் போட்டிருக்கிறது என்பது அவர்கள் இருவருக்கும் கேள்வியே இல்லை. 1950-இல்தான் இங்கே குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த குழுப் பகுதிச் சட்டம் வந்தது. கடைசி நூலும் வெளிவந்துவிட்ட அடுத்த ஆண்டுகளில் டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து எங்கள் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டுக்கொண்டிருந்தன. கறுத்த முகத்தவர் வாயிலுக்கு வெளியே, வெளுத்த முகத்தவர் உள்ளே என்ற ஏற்பாட்டை எங்களுக்குக் கதை சொல்லித் தரவேண்டிய நிலைமை இல்லை.

ஆனால் அதே நூலில் எமெத் வருகிறான். காலோர்மென் படையில் இளம் அதிகாரி. பிறந்தது முதல் தாஷை உண்மையாக வணங்கியவன். தன் தெய்வத்தின் முகத்தைப் பார்க்க ஆயிரம் முறை சாகவும் தயார் என்று தானே முன்வந்து நடந்து போகிறவன். எதிரே வருவது சிங்கம். வாழ்நாளெல்லாம் தவறான தெய்வத்தைத் தொழுதோம், இனி சாவுதான் என்று காலில் விழுகிறான். சிங்கம் அவன் நெற்றியை நாவால் தொட்டு, வா மகனே என்கிறது. நீ தாஷுக்குச் செய்த தொண்டையெல்லாம் எனக்குச் செய்ததாகவே கணக்கிடுகிறேன் என்கிறது. இறுக்கமான நம்பிக்கை கொண்ட கிறிஸ்தவர் சிலருக்கு இந்தப் பக்கம் இன்றுவரை முள். எனக்கோ இதைப் படித்த கணத்தில் காதில் விழுந்தது பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தமிழ். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் சொல்கிறார்: “யாதொரு தெய்வம் கொண்டீர் அத்தெய்வம் ஆகி ஆங்கே மாதொரு பாகனார்தாம் வருவர்.” நீ எதைக் கும்பிட்டாலும் அங்கே வந்து வாங்கிக்கொள்கிறவன் எங்கள் சிவன்தான். எழுநூறு ஆண்டு இடைவெளியில், ஒருவரையொருவர் கேள்விப்படாத இரண்டு சமயவாதிகள் ஒரே வாசலைத் திறக்கிறார்கள்.

இந்த ஒற்றுமையைக் கண்டுபிடித்த பெருமையில் நான் மிதந்துகொண்டிருந்தபோதுதான் என் அண்ணன் மகள் ஏழு நூலையும் முடித்துவிட்டு வந்தாள். “அத்தை, அவனை ஏற்றுக்கொண்டார்கள். அவனுடைய சாமியை ஏற்றுக்கொள்ளவில்லையே” என்றாள். நூலை எடுத்து மறுபடி பார்த்தேன். அவள் சொன்னது சரி. தானும் தாஷும் ஒன்று என்பதால் அந்தத் தொண்டினை ஏற்கவில்லை, எதிரெதிர் என்பதால்தான் ஏற்கிறேன் என்று சிங்கம் உறுமியே சொல்கிறது: நல்லது எதுவும் தாஷைச் சேராது, தீயது எதுவும் என்னைச் சேராது. அவன் செய்த நல்லதெல்லாம் ஒருவர் கணக்கில், கெட்டதெல்லாம் மற்றவர் கணக்கில். கணக்கை எழுதும்போது எமெத்தை யாரும் கேட்கவில்லை. சித்தியார் அந்த அளவுக்குப் போகவில்லை. அங்கே சிவனே அந்தத் தெய்வமாக வந்து நிற்கிறான், வழிபட்டவனின் முகம் காக்கப்படுகிறது. சூரனைப் பிளந்த பிறகும் அவனை மயிலாகவும் சேவலாகவும் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும் மரபுக்கு அது இயல்பு. தாஷுக்கோ, உன் இடத்துக்குப் போ என்ற ஒரு சொல்லோடு கதை முடிந்துவிடுகிறது.

இதையெல்லாம் அவளிடம் சொல்லிச் சித்தியார் பாட்டையும் படித்துக் காட்டினேன். பெரியம்மா அன்று வீட்டில் இருந்தார். செய்யுளைக் காதில் வாங்கியவுடனே அவருக்குப் பொருள் விளங்கிவிட்டது. கோவில் பள்ளித் தமிழ் வீண் போகவில்லை. “அப்படியென்றால் நான் ஞாயிற்றுக்கிழமை கும்பிடுவது உங்கள் சிவனையா? என்னை யார் கேட்டார்கள்?” என்றார், குரலில் சூட்டோடு. அண்ணன் மகள் என்னைப் பார்த்தாள். அந்தக் கேள்விக்கு மறுமொழி சொல்ல முடியாமல் நான் அடுத்த வரியைச் சொல்லத் தொடங்கியது புத்திசாலித்தனமில்லை, ஏனென்றால் அருணந்தி அங்கே மற்றத் தெய்வங்களின் குறையைப் பட்டியலிடுகிறார்: அவை வேதனைப்படும், இறக்கும், பிறக்கும், மேலும் வினை செய்யும், இவை எதுவும் இல்லாத சிவன் மட்டுமே அறிந்து அருள் செய்வான். பாதியில் நிறுத்தப் பார்த்தேன். பெரியம்மா விடவில்லை; முழுவதையும் சொல்லவைத்துக் கேட்டார்.

“வேதனைப்படும், இறக்கும், பிறக்கும்” என்று அவரே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். கோபம் அடங்கியிருந்தது. “சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். என் பிள்ளை செத்தபோது, சாவு என்றால் என்னவென்று தெரிந்த ஒரு தெய்வம் எனக்கு வேண்டியிருந்தது. அதற்காகத்தான் நான் அங்கே போனேன்.”